சுவரைக் கடக்கும் ஓசை

பதுளை நகரிலிருந்து கிழக்கு நோக்கி மலைச்சரிவுகளைச் சுற்றிச் செல்லும் பாதையில் பத்து மைலுக்குச் சற்று அப்பால் பசறை இருக்கிறது. ஒரு புறம் 2,036 மீற்றர் உயர்ந்த நமுனுகுல மலை. மற்றொரு புறம் மடூல்சீமைக்கும் லுணுகலைக்கும் ஏறும் தேயிலைச் சரிவுகள். மாலை சாய்ந்தால் கம்பளியைத் தேடும் இந்நாட்டில், வீட்டுச் சுவரில் துளையிட்டுக் குளிரூட்டிப் பெட்டி பொருத்துவோரைக் காண்பது அரிது. அப்பெட்டி கொழும்பிலும், சென்னையிலும், சிங்கப்பூரிலும் உள்ள வீடுகளுக்கு உரியது. அதனை வாங்கியவர்கள் பகலில் அதன் குளிரைப் புகழ்வார்கள். இரவில் அதன் இரைச்சலை நொந்துகொள்வார்கள்.

ஆயினும் அப்பெட்டியின் வயிற்றுள்ளே சுழலும் விசிறி எங்கிருந்து வந்தது என்று வினவுவோமாயின், விடை தேயிலைத் தோட்டத்தில் வந்து நிற்கும். விசிறியின் ஓசை சுவரைக் கடந்து உறங்குவோர் செவியில் விழும் துன்பமும் நகரத்தார் புதிதாகக் கண்டதன்று. ஊவாவின் லயங்களில் வாழ்ந்த மக்கள் அதனை முன்னரே அறிந்தவர்கள்.

தேயிலை என்பது கொழுந்து பறித்தவுடன் கிடைத்துவிடும் பொருளன்று. பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 78 பங்கு நீர். அதனை உருளை எந்திரத்தில் இட்டுச் சுருட்டுவதற்கு முன்னர் வாட்டியாக வேண்டும். ஆயிரம் கிலோகிராம் கொழுந்தை நீர்ப்பங்கு 55 ஆகும் வரை வாட்டினால், ஏறத்தாழ ஐந்நூறு கிலோகிராம் நீர் காற்றோடு கலந்து வெளியேறியிருக்கும். அத்தனை நீரையும் ஓர் இரவுக்குள் சுமந்து செல்ல வேண்டியது காற்றே. பகலில் பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டு, மாலையில் பரப்பப்பட்டு, இரவு முழுதும் வாடி, விடிவதற்கு முன்னரே உருளைக்குப் போகும். ஆகவே தேயிலைத் தொழிற்சாலையில் காற்றுக்கு வேலை மிகுந்த நேரம், தோட்டத்து மக்கள் உறங்கும் நேரமேயாகும்.

இலங்கையில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 1867ஆம் ஆண்டில் தேயிலை பயிரிட்டார். 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் கண்ட நோய் அப்பயிரை அழித்த பின்னரே ஊவாவின் கோப்பிக் காடுகள் தேயிலைக்கு மாறின. கொழுந்து வாட்டுவதற்கென்று தொழிற்சாலைகளின் மேல்மாடிகள் எழுந்தன. தொழிலாளர் வாயில் 'ஸ்டோர்' என்று வழங்கும் இந்த உயர்ந்த கட்டடங்களின் மேல்தட்டுகளில் சாக்குத் துணி கட்டிய தட்டுகள் அடுக்கடுக்காக நீண்டன. கொழுந்தை அவற்றின்மேல் மெல்லிதாகத் தூவுவர். கீழேயுள்ள உலர்த்தும் அடுப்பின் வெப்பக் காற்றை மேலே இழுத்துக் கொழுந்தின்மீது செலுத்துவது விசிறியின் பணி.

ஊவாவுக்கு இயற்கை தந்த ஒரு சலுகையும் உண்டு. ஆடி, ஆவணி மாதங்களில் மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு வரும் கச்சான் காற்று, மலைமுடியைத் தாண்டி ஊவாவில் இறங்கும்போது உலர்ந்து போகிறது. அக்காலத்துத் தேயிலைக்கு வரும் தனி மணம் உலகச் சந்தையில் பெயர் பெற்றது. காற்று உலர்ந்திருக்கும் நாட்களில் விசிறிக்கு வேலை குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடங்கிப் பனிமூட்டம் சாளரங்களை அடைத்துவிட்டால், விசிறி இன்றிக் கொழுந்து வாடாது.

இந்தத் தேவையே ஒரு மனிதனை விசிறியின் பக்கம் திருப்பியது. சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன் என்பவர் அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்தவர், 1846இல் பிறந்தவர். பதினெட்டு வயதில், 1864ஆம் ஆண்டில், அசாம் மாகாணத்தை அடுத்த கச்சார் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். கரியடுப்பின்மேல் தட்டுகளில் தேயிலையை உலர்த்தும் முறை அவருக்குப் பிடிக்கவில்லை. சூடான காற்றைச் செலுத்தி உலர்த்தும் எந்திரம் ஒன்றை அமைத்தார். 1881இல் பெல்பாஸ்ற் நகரத்தில் தொழிற்சாலை தொடங்கி, சகாராப் பாலைவனத்திலிருந்து வீசும் வெங்காற்றின் பெயராகிய 'சிறொக்கோ' என்பதையே தம் எந்திரங்களுக்குச் சூட்டினார். இலங்கைத் தோட்டத்து ஸ்டோர்களில் வேலை செய்த தலைமுறைகளுக்கு அந்தப் பெயர் அந்நியமானதன்று.

உலர்த்தும் எந்திரத்துக்குக் காற்று போதவில்லை. அக்காலத்து விசிறிகளில் அகன்ற சில இறக்கைகளே இருந்தன. டேவிட்சன் அதற்கு மாறாக, உருளைப் பீப்பாய் ஒன்றின் விளிம்பைச் சுற்றிலும் குறுகிய பல இறக்கைகளை நிறுத்தி, அவற்றைச் சுழலும் திசை நோக்கிச் சற்றே முன்வளைத்தார். பார்வைக்கு அது அணில் கூண்டைப் போல் இருந்தது. சிறிய உருவத்தில், மெதுவான சுழற்சியில், மிகுந்த காற்றை அது தள்ளியது. 1898ஆம் ஆண்டளவில் உரிமை பெற்ற இவ்விசிறி விரைவில் தேயிலையை விட்டு வெளியேறிவிட்டது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், கப்பல்களின் கொதிகலன் அறைகளுக்கும், பெருங்கட்டடங்களுக்கும் சென்றது. டேவிட்சன் 1921இல் மறைந்தார்.

இன்று வீட்டுச் சுவரில் பொருத்தும் குளிரூட்டிப் பெட்டியின் முகப்பைக் கழற்றிப் பார்த்தால், அறைக்குள் குளிர்காற்றைத் தள்ளுவதற்கு இருப்பது அதே முன்வளைந்த இறக்கைகள் கொண்ட கூண்டு விசிறிதான். பொறியியலார் பலர் இன்றும் அதனைச் 'சிறொக்கோ விசிறி' என்றே அழைக்கின்றனர். தேயிலையின் நினைவு அப்பெயரில் மட்டும் தங்கிவிட்டது.

குளிரூட்டும் கலையின் தொடக்கமும் ஒருவகையில் தேயிலையின் வழியையே பின்பற்றியது. 1902ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் ஓர் அச்சுக்கூடத்தில் காகிதம் ஈரத்தால் விரிந்து நிறங்கள் இடம் மாறின. அதனைத் தீர்க்கவே விலிஸ் காரியர் என்னும் இளம் பொறியியலாளர் காற்றின் ஈரத்தை அடக்கும் அமைப்பை வகுத்தார். மனிதருடைய புழுக்கம் அன்று எவருடைய கவலையாகவும் இருக்கவில்லை. மறு ஆண்டு, 1903இல், டேவிட்சனின் நகரமாகிய பெல்பாஸ்றில் அரச விக்டோரியா மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் அடித்தளத்தில் பெரும் விசிறிகள் வெளிக்காற்றை இழுத்தன. அக்காற்று, நீர் வடியும் தென்னந்தும்புக் கயிற்றுத் திரைகளினூடே சென்று தூய்மையடைந்து நோயாளர் கூடங்களுக்குப் போயிற்று. தென்னை நாட்டின் தும்பு அயர்லாந்து மருத்துவமனையில் காற்றைக் கழுவியது என்பது இலங்கையர் நினைத்துப் பார்க்கத்தக்க செய்தி.

வீட்டுக்குள் இக்கருவி வருவதற்கு மேலும் சில பத்தாண்டுகள் சென்றன. 1931இல் அமெரிக்காவில் சூல்ற்ஸ், சேர்மன் என்னும் இருவர் சாளர விளிம்பில் வைக்கத்தக்க பெட்டிக்கு உரிமை கோரினர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின்னரே விலை இறங்கியது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அமெரிக்க நகரங்களில் எழுந்த அடுக்குமாடி வீடுகள் பலவற்றில், கட்டும்போதே சுவரில் துளைவிட்டு, அதில் தகரக் கூடு பதித்தனர். பெட்டியை அந்தக் கூட்டுக்குள் தள்ளிவிடலாம், சாளரம் அடைபடாது. சுவர்வழிக் குளிரூட்டி என்று சொல்லப்படுவது இதுவே.

இரைச்சல் அங்கேதான் தொடங்கிற்று. அந்தச் சிறு பெட்டிக்குள் ஓசை எழுப்புவோர் பலர். வாயுவை அழுத்தும் அமுக்கி எந்திரம் ஒன்று. ஒரே மோட்டார் அச்சின் ஒரு முனையில் அறையை நோக்கிய கூண்டு விசிறி. மறு முனையில் வெளிப்புறத்தை நோக்கிய இறக்கை விசிறி. காற்றிலிருந்து வடிந்த நீரை அவ்விறக்கையின் விளிம்பு அள்ளிச் சூடான குழாய்களின்மேல் வீசுவதால் எழும் சலசலப்பு வேறு. இவையெல்லாம் உறங்குபவரின் தலைமாட்டிலிருந்து சில அடி தூரத்தில் நடைபெறுகின்றன.

ஓசையை அளக்கும் அலகு தெசிபெல் எனப்படும். அது சாதாரண முழக்கோலைப் போன்றதன்று. பத்து தெசிபெல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். காதுக்கோ அது ஏறக்குறைய இரு மடங்கு உரத்ததாகத் தோன்றும். சாளரத்திலும் சுவரிலும் பொருத்தும் பெட்டிகள் பெரும்பாலும் 50 முதல் 60 தெசிபெல் வரை ஒலிக்கின்றன. இருவர் இயல்பாக உரையாடும் ஓசை 60 தெசிபெல் அளவினது. அதாவது படுக்கையின் அருகே இருவர் விடியும்வரை ஓயாது பேசிக்கொண்டிருப்பதற்குச் சமம். படுக்கையறையில் தொடர்ந்து ஒலிக்கும் ஓசை 30 தெசிபெல்லுக்கு மேற்படாதிருப்பது நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அமுக்கி எந்திரத்தை வீட்டுக்கு வெளியே நிறுத்தி, விசிறியை மட்டும் அறைக்குள் வைத்த இருபகுதிக் குளிரூட்டி பரவியதற்குக் குளிரைக் காட்டிலும் அமைதியே பெருங்காரணம் எனலாம்.

இனி லயத்துக்கு வருவோம். லயம் என்பது கோப்பிக் காலத்தில், பருவத்துக்கு வந்து திரும்பும் கூலியாட்கள் தங்குவதற்கென்று அமைந்த நெடுங்கொட்டகை. தேயிலை ஆண்டு முழுதும் ஆள் கேட்கும் பயிர். ஆகவே வந்தவர்கள் நிலைத்தனர். கொட்டகையும் கல்லும் தகரமுமாக நிலைத்தது. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி உள்ள ஒரு காம்பரா, முன்னே சிறு இஸ்தோப்பு. ஒரு குடும்பத்துக்கு அவ்வளவே. சில லயங்களில் காம்பராக்கள் ஒற்றை வரிசை. சிலவற்றில் முதுகோடு முதுகாக இரட்டை வரிசை. ஒரு குடும்பத்துக்கு இடப்புறம் ஒரு சுவர், வலப்புறம் ஒரு சுவர், இரட்டை லயமாயின் பின்புறமும் ஒரு சுவர். மூன்று பக்கமும் அயலார்.

பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. மேலே உட்கூரை இல்லை. தகரத்தின் அடியில் வெட்டவெளி ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓடும். ஒலிநூலார் கணக்கு ஒன்றை இங்கே பொருத்திப் பார்க்கலாம். இருபுறமும் பூசிய அரைச்செங்கற் சுவர் 45 தெசிபெல் அளவுக்கு ஓசையைத் தடுக்க வல்லது. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், அச்சுவர் எத்தனை தடித்ததாயினும் 20 தெசிபெல்லுக்கு மேல் தடுக்காது. பத்தடி நீளமும் எட்டடி உயரமும் உள்ள சுவரில் நூற்றில் ஒரு பங்கு என்பது, உச்சியில் ஓரங்குல இடைவெளி மட்டுமே! லயத்தில் இருந்ததோ ஓரங்குலம் அன்று, கூரை முகட்டின் முக்கோணம் முழுவதும். சுவருக்கும் காது உண்டு என்பது பழமொழி. அந்த லயத்தில் சுவரின் காது தேவைப்படவில்லை.

குழந்தையின் அழுகை, முதியவரின் இருமல், கணவன் மனைவி பேச்சு, பரீட்சைக்கு வாய்விட்டுப் படிக்கும் சிறுவனின் பாடம், யாவும் வரிசை முழுமைக்கும் பொதுவாயின. நோயாளி இருக்கும் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் திருமணம் நடப்பதுண்டு. லயத்தைப் பற்றி எழுதியோர் அதன் இருளையும், புகையையும், தண்ணீர்ப் பஞ்சத்தையும் பேசினர். அவை பேசத்தக்கனவே. 1912ஆம் ஆண்டின் சட்டங்கள் முதலாக அரசாங்கம் தோட்ட மக்களின் சுகாதாரத்தைக் கவனிக்க முற்பட்டபோதும், எண்ணிக்கைக்கு வந்தவை நோயும் மருந்தும் மலசலகூடமுமே. தனிமை என்பதும் ஒரு மனிதத் தேவை என்று எவரும் கணக்கில் எழுதவில்லை.

சுவர் கடந்த ஓசைகளுள் விரும்பப்பட்டதும் ஒன்று இருந்தது. வானொலிப் பெட்டி எல்லார் வீட்டிலும் இல்லாத நாட்களில், ஒரு காம்பராவில் ஒலித்த தமிழ் நிகழ்ச்சியை அந்த வரிசையே கேட்டது. 1949இல் இலங்கை வானொலி என்னும் பெயர் கொண்டு, 1967இல் கூட்டுத்தாபனமாகிய நிலையத்தின் நேயர் தொகையைப் பெட்டிகளை எண்ணிக் கணக்கிட்டவர் எவரேனும் இருந்தால், மலையகத்தில் அவர் கணக்குப் பெரிதும் பிழைத்திருக்கும்.

தோட்டத்தின் நாளும் ஓசையால் அளக்கப்பட்டது. விடியுமுன் தப்பொலி அல்லது கொம்பொலி எழும். பிரட்டுக்களத்துக்கு ஆட்கள் ஓடுவர். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் பாடிய தேயிலைத் தோட்டத்துக் காவியத்தில் விடியல் தப்பொலியோடு வருவது கற்பனை அன்று, நடைமுறை. பின்னர் ஸ்டோரின் சங்கு அவ்விடத்தைப் பிடித்தது. தப்பும் சங்கும் ஒலித்து ஓய்ந்துவிடுவன. விசிறி ஓய்வதில்லை.

ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் சாக்குத் தட்டுகளின் இடத்தில் வாட்டும் தொட்டிகள் வந்தன. நீண்ட தொட்டியின்மேல் வலை. வலையின்மேல் தடிப்பாகக் கொழுந்து. ஒரு முனையில் மின்மோட்டாரோடு கூடிய பெரிய இறக்கை விசிறி. இடமும் ஆட்கூலியும் மிச்சமாயின. ஒரு கூடத்தில் ஒன்றிரண்டாக இருந்த விசிறிகள், தொட்டிக்கு ஒன்றாகப் பெருகின. நிமிடத்துக்கு 960 முறை சுழலும் ஆறு இறக்கை விசிறியை எடுத்துக்கொண்டால், நொடிக்கு 96 முறை இறக்கை காற்றை வெட்டுகிறது. அது தாழ்ந்த சுருதி. தாழ்ந்த சுருதியைச் சுவர் எளிதில் தடுப்பதில்லை. மெல்லிய கூரைத் தகரமோ அதனோடு சேர்ந்து அதிரும். ஸ்டோருக்கு அண்மையில் நின்ற லயங்களில் மழைக்கால இரவு என்றால் இந்த முரலொலியும் சேர்ந்ததே.

சட்டம் இதற்கு என்ன செய்தது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதி. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ், 1996இல் இலங்கையில் ஓசைக் கட்டுப்பாட்டு விதிகள் பிறந்தன. பிரதேச சபைப் பகுதிகள் குறைந்த ஓசைப் பகுதிகள் எனக் கொள்ளப்பட்டு, பகலில் 55 தெசிபெல், இரவில் 45 தெசிபெல் என எல்லை வகுக்கப்பட்டது. பசறையும் பிரதேச சபைப் பகுதியே. ஏட்டளவில் லயத்து மக்களுக்கும் கொழும்பின் மாடிவீட்டாரைக் காட்டிலும் அமைதியான இரவு உறுதியளிக்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும். ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணம் செல்வதற்குத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபையே, அவர்கள் லயத்துக்குப் பாதை போடவும் விளக்கு வைக்கவும் இயலாதிருந்தது. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. பாதைக்கே வழியில்லாத இடத்தில் ஓசையை அளக்க யார் கருவி கொண்டு வருவார்?

லயத்தை விட்டு வெளியேறும் முயற்சி ஓசையைக் கருதி எழுந்ததன்று. நிலவுரிமையையும், மலைச்சரிவின் ஆபத்தையும் கருதி எழுந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்தோபர் 29ஆம் திகதி இதே பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களைப் புதைத்த துயரத்தின் பின்னர், தனிவீட்டுக் கோரிக்கை வலுப்பெற்றது. இந்திய அரசின் உதவியோடு நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம், அதில் தனித்த ஒரு வீடு. நான்கு சுவரும் தன்னுடையனவாக, அவற்றுக்கு அப்பால் கொஞ்சம் வெளியும் இருக்கும் வீடு. தேவைப்பட்ட வீடுகளின் தொகைக்கு இது சிறிதே. இன்னும் பலர் லயத்தில்தான் வாழ்கின்றனர்.

ஸ்டோரின் விசிறிகளைப் பொறுத்தவரை, மாற்றம் வேறொரு வாசல் வழியாக வந்தது. விசிறியின் சுழற்சியைப் பாதியாகக் குறைத்தால் காற்று பாதியாகும். மின்சாரச் செலவோ எட்டில் ஒரு பங்காகும். ஓசை ஏறத்தாழ 15 தெசிபெல் இறங்கும். 1981இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் மோட்டாரின் வேகத்தை வேண்டியவாறு ஏற்றி இறக்கும் வீட்டுக் குளிரூட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பயன்பட்டது இவ்வகை வேகக் கட்டுப்பாடே. அண்மைய பத்தாண்டுகளில் இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலைகள் சிலவும் வாட்டும் தொட்டி விசிறிகளுக்கு இத்தகைய வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்தியுள்ளன. கொழுந்து முதலில் ஈரமாயிருக்கும்போது விசிறி முழு வேகத்தில் ஓடும். வாடி வரவரக் காற்றின் தேவை குறையும். நள்ளிரவு கழிந்த பின் வேகத்தைத் தணிக்கலாம். மின்சாரக் கட்டணம் தாங்காமல் செய்த ஏற்பாடு அது. அத்தகைய ஸ்டோரை அடுத்த லயத்தில், உருளை எந்திரம் தொடங்கும்வரை இரண்டு மூன்று மணி நேரம் இருமல் சத்தமும் மழைச் சத்தமும் தனித்தனியே கேட்கும்.